முதல் பாத்தி

கோலாலம்பூரிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியாக வடக்கே சென்றால், ராவாங்கைத் தாண்டிச் செரண்டாவை அடைவதற்கு முன் சுங்கை சோ வரும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்திலும் மேற்கே கோலசிலாங்கூர் வரையிலும் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பிறகு செம்பனை வந்தது. அதன் பின் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்று வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களுள் வயதில் மூத்த ஒருவரிடம், லயத்தின் பின்புறம் என்னென்ன இருந்தன என்று கேட்டுப் பாருங்கள். முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, மிளகாய், மரவள்ளி, வாழை என்று விரல் மடக்கிச் சொல்வார். அவருடைய இன்றைய வீட்டின் பின்புறத்தில் பெரும்பாலும் சிமெந்துத் தரையும் துணி காயும் கொடியும்தான் இருக்கும். அங்கே ஒரு சிறிய காய்கறித் தோட்டம் போட வேண்டுமானால் எதை முதலில் யோசிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

தோட்டப்புற மக்கள் காய்கறி பயிரிட்டதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளம் குறைவு, கடை தொலைவு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கூறியது. அது ஏறத்தாழ 2,720 சதுர அடி. சட்டத்தில் இருந்தது எல்லாத் தோட்டங்களிலும் அப்படியே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்த அளவை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட ஒரு வரிசை வீட்டு மனையின் மொத்தப் பரப்பே 1,400 சதுர அடிதான். அதிலும் வீடு போக மிஞ்சுவது மிகவும் சொற்பம்.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பல குடும்பங்களின் உயிரைக் காத்தன. நாடு விடுதலை பெற்ற பின்னும் அரசு இதனை மறக்கவில்லை. உலகெங்கும் உணவு விலை ஏறிய காலத்தில், 1974ஆம் ஆண்டு, பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி பயிரிடும்படி மக்களை ஊக்குவித்தார். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது மீண்டும் பலர் மண்வெட்டியைத் தேடினர். நானும் அவர்களுள் ஒருவன்.

என் முதல் தோட்டம் ஆறு வாரங்கள்கூட நிலைக்கவில்லை. தக்காளி, கேரட், கங்கோங், வெண்டை, கீரை என்று கையில் கிடைத்த விதைகள் அனைத்தையும் ஒரே நாளில் விதைத்தேன். பாத்தியை உயர்த்தவில்லை. ஏப்ரல் மாத மாலை மழை வந்து மண்ணை அடித்து இறுக்கியது. குழி விழுந்த இடங்களில் நீர் தேங்கி வெண்டைக் கன்றுகள் அழுகின. கேரட் முளைத்ததோடு சரி. கங்கோங் மட்டும் செழித்தது, அதுவும் மொத்தமாக ஒரே வாரத்தில். பக்கத்து வீட்டு மாக் சிக்குக்குக் கொடுத்தோம், எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தோம். நான்காம் நாள் எங்கள் வீட்டில் யாரும் கங்கோங்கைக் கண்ணால் பார்க்கவும் விரும்பவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த என் பாட்டி பாத்தியைப் பார்த்துவிட்டு, "விதை மேல குத்தமில்லப்பா. நீ மண்ணையும் பாக்கல, வெயிலையும் பாக்கல" என்றார்.

பாட்டி சொன்னதில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. லயத்துப் பின்புற மண், ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், சமையற்கழிவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் உண்டு வளர்ந்த மண். வீடமைப்புப் பகுதியின் மண் அப்படிப்பட்டதன்று. குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, இயந்திரத்தால் அழுத்தி, அதன் மேல் வீடு கட்டுகிறார்கள். மேல்மண் எங்கோ போய்விடுகிறது. கால் அடி தோண்டினால் செங்கல் துண்டும் சிமெந்துக் கட்டியும் வரும். ஆகவே பாட்டி செய்ததை அப்படியே செய்தால் பாட்டிக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காது. அவர் செய்யத் தேவையில்லாத திட்டமிடலை நாம் செய்தாக வேண்டும்.

முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும். வெண்டை, மிளகாய், கத்தரி, பயத்தங்காய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைகள் நான்கு மணி நேர வெயிலிலும் ஓரளவு வளரும். "நம் நாடு பூமத்தியரேகைக்கு அருகில்தானே உள்ளது, சூரியன் எப்போதும் உச்சியில்தானே இருக்கும்?" என்று சிலர் கேட்பதுண்டு. அது முழு உண்மையன்று. சுங்கை சோ பூமத்தியரேகைக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்திருக்கும்; டிசம்பரில் ஏறத்தாழ 27 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். உங்கள் வீட்டுப் பின்புறம் வடக்கு நோக்கி இருப்பதாகவும், வீட்டின் உயரம் ஏழு மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாத நண்பகலில் அவ்வீட்டின் நிழல் சுமார் மூன்றரை மீட்டர் தூரத்திற்கு விழும். பல வரிசை வீடுகளில் பின்புறம் முழுவதுமே அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் செழித்த மிளகாய் டிசம்பரில் ஏன் வெளிறி நீண்டு நிற்கிறது என்பதற்கு விடை அந்த நிழலில் இருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளொன்றில் காலை ஒன்பது மணி தொடங்கி மாலை ஐந்து மணி வரை, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிழலின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து வாருங்கள். நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால், இங்கே உண்மையான நண்பகல் பிற்பகல் 1.15 அளவில்தான் வரும். ஆகவே அந்த நேரத்திலும் ஒரு கோடு போடுங்கள். எந்தக் கோட்டுக்கும் உட்படாமல் வெயிலிலேயே கிடக்கும் இடம்தான் காய்க்கும் செடிகளுக்கு உரிய இடம். அப்படிப்பட்ட இடம் பின்புறத்தில் இல்லாமல் முன்புறத்தில் இருந்தால், தோட்டத்தை முன்புறத்தில் போடுங்கள். வாசலில் வெண்டை நின்றால் அழகு குறைந்துவிடாது.

அடுத்தது மண். வடசிலாங்கூரில் மண் ஊருக்கு ஊர் மாறும். கோலசிலாங்கூர்க் கரையோரம் கனத்த களிமண். அங்குள்ள தோட்டங்கள் வடிகால்களை நம்பியே பிழைத்தன. உள்நாட்டுப் பக்கம் வந்தால் சிவந்த மண். ஈயம் தோண்டிய பழைய இடங்களில் வெறும் மணல். உங்கள் மண் எத்தகையது என்று அறிய ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதியளவு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் நீர் கலங்கியே இருந்தால் அதில் களிமண் மிகுதி.

நீர் வடிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீரை நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வற்றிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அந்த இடத்தில் தரைமட்டப் பாத்தி சரிவராது. பலகை, செங்கல், பயன்படுத்திய கூரைத் தகடு என எது கிடைத்தாலும் அதைக் கொண்டு 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாத்தியை உயர்த்த வேண்டும். நம் பகுதியில் ஓர் ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மாலையில் இடியோடு கொட்டும் மழை. வறட்சியால் சாகும் செடிகளைவிட வேரில் நீர் தேங்கிச் சாகும் செடிகளே இங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

மழை அதிகமானதால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து அடித்துச் செல்லப்பட்டு, மண் புளித்துப் போகிறது. அதாவது, அதன் அமிலத்தன்மை கூடுகிறது. நம் சிவந்த மண்ணின் கார அமிலக் குறியீடு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். காய்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். புளித்த மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் வேர் அதை முழுமையாக எடுத்துக்கொள்ளாது. இதற்கு விவசாயக் கடைகளில் விற்கும் சுண்ணாம்புத் தூளை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் வீதம் தூவி, மண்ணோடு கிளறி, இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவிட வேண்டும். அதே நாளில் கோழி எருவைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எருவிலுள்ள தழைச்சத்து வாயுவாக மாறிப் பறந்துவிடும். மூக்கே அதைக் காட்டிக் கொடுக்கும். பதப்படுத்தாத பச்சைக் கோழி எரு வேரையும் கருக்கும். ஈயையும் அழைத்து வரும். அக்கம்பக்கத்தாரோடு நல்லுறவு வேண்டுமானால் அதைத் தவிர்ப்பதே நல்லது. மண்ணே இல்லாத சிமெந்துத் தரையாக இருந்தால் நெகிழிப் பைகளிலோ பெரிய தொட்டிகளிலோ பயிரிடலாம். மேல்மண் மூன்று பங்கு, மட்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும்.

முதல் பாத்தி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? நான்கு அடி அகலமும் எட்டு அடி நீளமும் போதும். அகலம் நான்கு அடியைத் தாண்டினால், நடுவில் உள்ள களையைப் பிடுங்கப் பாத்திக்குள் கால் வைக்க நேரும். மிதித்த மண் இறுகிவிடும். சுவரை ஒட்டிய பாத்தியானால் ஒரு பக்கத்திலிருந்துதான் கை எட்டும் என்பதால் இரண்டடி அகலமே சரி. 32 சதுர அடியில் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதும் நிறைவேறாது. அப்படி நம்ப வைப்பது நேர்மையாகாது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் காய்கறி விலை ஏறியபோது, இத்தகைய பாத்தி வைத்திருந்தவர்களும் சந்தைக்குப் போகத்தான் செய்தார்கள். ஆனால் மிளகாய்க்கும் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் அவர்கள் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எதைப் பயிரிடுவது என்ற கேள்விக்கு விதைக்கடையில் விடை தேடக் கூடாது. சமையலறையில் தேட வேண்டும். ஒரு வாரத்திற்கு வீட்டில் சமைக்கும் காய்கறிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதலில் அடித்துவிடுங்கள். குளிரான மலைப்பகுதிகளில் நன்கு விளையும் அவற்றைக் கேமரன் மலையே நமக்கு அனுப்பட்டும். தக்காளியும் தாழ்நிலத்தில் வாடல் நோய்க்கு எளிதில் இரையாகும்; பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் துவண்டு விழும். தொடக்கநிலையாளருக்கு அந்த மனவருத்தம் தேவையில்லை. கத்தரியையும் அந்நோய் தாக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டு வைப்பார்கள். அதை இரண்டாம் ஆண்டில் முயன்று பார்க்கலாம்.

மிஞ்சுபவற்றை எத்தனை நாளில் பலன் தரும் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். கங்கோங்கும் கீரையும் ஏறக்குறைய நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். வெண்டையும் பயத்தங்காயும் ஏழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும். மிளகாய்க் கன்றை நட்டபின் பத்து வாரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் பிறகு பல மாதங்கள் காய்க்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. அவற்றைப் பாத்திக்குள் நடாமல் தனி மூலையில் நட வேண்டும்.

இப்போது தாளில் பாத்தியை வரையலாம். எட்டு அடி நீளம் வடக்கு தெற்காக அமைந்திருப்பதாகக் கொள்வோம். மேற்கு விளிம்பில் பந்தல் கட்டி, அடிக்கு ஒன்றாக எட்டுப் பயத்தங்காய்க் கொடிகளை ஏற்றலாம். அவற்றின் நிழல் காலையில் பாத்திக்கு வெளியேதான் விழும். நடு வரிசையில் ஒன்றரை அடி இடைவெளியில் மூன்று வெண்டை. அவற்றை அடுத்து இரண்டு மிளகாய். கிழக்கு விளிம்பு கீரைக்கு உரியது. அந்த எட்டு அடியை இரண்டிரண்டு அடியாக நான்கு பங்காக்கி, வாரத்திற்கு ஒரு பங்கு மட்டும் விதையுங்கள். ஐந்தாம் வாரத்தில் முதல் பங்கை அறுத்துவிட்டு, அங்கேயே மீண்டும் விதைக்கலாம். வாரந்தோறும் ஒரு வேளைக்குப் போதுமான கீரை கிடைத்துக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டு அக்காவுக்குத் தொல்லை இருக்காது. அடுத்த சுற்றில் பயத்தங்காய் இருந்த இடத்திற்கு மிளகாயையும், மிளகாய் இருந்த இடத்திற்குக் கீரையையும் மாற்றுங்கள். பயற்றினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. காய்ந்த கொடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டால் அதில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும்.

நீரைப் பற்றியும் ஒரு கணக்கு. மழையில்லாத வெயில் நாளில் ஐந்து மில்லிமீட்டர் அளவு நீர் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சதுர மீட்டர்ப் பாத்திக்கு 15 லிட்டர் நீர் வேண்டும். அது பெரிய அளவன்று. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் அதுவும் பெரிதாகத் தெரியும். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ராவாங் பகுதியிலுள்ள சுங்கை கோங் ஆறு மாசடைந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்திற்கும் அதிகமான குடிநீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. குடிக்கவே நீர் தேடிய அந்நாள்களில் யார் செடிக்கு ஊற்றுவார்? பத்துச் சதுர மீட்டர்க் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு பீப்பாயில் அதைப் பிடித்து வைத்தால் ஆறு நாளைக்கு மேல் பாத்தியைக் காப்பாற்றலாம்.

பீப்பாய் என்றதும் ஏடிஸ் கொசுவை நினைக்காமல் இருக்க முடியாது. டிங்கிக் காய்ச்சலில் சிலாங்கூர் மாநிலம் பல ஆண்டுகளாக முதலிடத்தில் உள்ளது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு வாரமே போதும்; முட்டையிட அது நாடுவதும் சாக்கடையை அன்று, தெளிந்து தேங்கிய நீரைத்தான். பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, நெகிழிப் பையின் மடிப்பு என எதுவும் அதற்குப் போதும். பீப்பாயின் வாயை நெருக்கமான வலையால் இறுகக் கட்டுங்கள். தொட்டிகளின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தோட்டம் முழுவதையும் சுற்றி வந்து, தேங்கிய நீரைக் கொட்டுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ், கொசுப் புழு உள்ள வீட்டாருக்கு அபராதம் விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிடலாம், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் என்ன செய்வது? இதைக் கவனிக்க முடியாத வீட்டில் பீப்பாய் வைக்காமல் இருப்பதே மேல்.

வீட்டுக்கு வெளியே, பின்சந்திலும் கால்வாய் ஓரத்திலும் உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு அடியிலும் பலர் பயிரிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை பொது நிலங்கள். அங்கே பயிரிட உள்ளூராட்சி மன்றத்தின் அல்லது நிலத்திற்கு உரியவரின் அனுமதி வேண்டும். நன்கு காய்க்கும் நேரத்தில் வந்து அகற்றச் சொன்னால் வாதாட இடமிராது.

பூச்சிகள் வரும். இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சியும் அசுவினியும் ஒட்டும். எறும்புகள் சாரையாக ஏறினால் அவை வந்துவிட்டன என்று பொருள். தொடக்கத்திலேயே கண்டால் விரலால் நசுக்கியோ நீரைப் பீய்ச்சியோ போக்கிவிடலாம். மழைக்குப் பின் இரவில் வரும் பெரிய நத்தைகளைக் கையுறை போட்டுப் பிடிக்க வேண்டும். மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு அவற்றின் உடலில் இருக்கக்கூடும் என்பதால், கையையும் பறித்த கீரையையும் நன்றாகக் கழுவ வேண்டும். காடு ஒட்டிய பகுதிகளில் குரங்குக்கு என்ன வழி என்று கேட்காதீர்கள். வலை போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இவ்வளவையும் முடித்த பிறகுதான் விதை. நிழலைக் குறிக்க ஒரு நாள், மண்ணைச் சோதிக்க இரண்டு நாள், சுண்ணாம்பு இட்டுக் காத்திருக்க மூன்று வாரம், எரு கலந்து ஆற விட ஒரு வாரம் என்று கணக்கிட்டால், இன்று முடிவெடுக்கும் ஒருவர் விதைப்பதற்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். அந்த ஒரு மாதத்தில் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, விதைத்த நாள், முளைத்த நாள், மழை பெய்த நாள், முதல் காய் பறித்த நாள் என்று கட்டங்கள் போட்டு வையுங்கள். வீட்டில் தோட்டப்புறத்தை அறிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பாத்தியின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். வெண்டையில் நன்கு செழித்த ஒரு செடியின் இரண்டு காய்களை மட்டும் பறிக்காமல் முற்றி உலர விடச் சொல்லுவார். அது வெடிக்கும் முன் அறுத்து, விதையை நிழலில் காயவைத்து, செய்தித்தாளில் மடித்து, மேலே தேதியை எழுதி, ஈரம் புகாத போத்தலில் மூடி வையுங்கள். அடுத்த பாத்திக்கு விதை வாங்க வேண்டியதில்லை.